கணவாய் தட்டெல்லை அன்று: புவித்தட்டுப் பாடத்தில் சொற்கள் உண்டாக்கும் பிழைகள்

பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்தில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் புவியியல் கற்பிக்கிறேன். சென்ற தேர்வில், புவித்தட்டுகளின் எல்லைக்கு எடுத்துக்காட்டு கேட்ட வினாவுக்கு ஒரு மாணவி "பாலக்காட்டுக் கணவாய்" என்று எழுதியிருந்தாள். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாத வெளி. அந்த வழியாக வாளையாறு தாண்டிக் கோயம்புத்தூர்ப் பக்கம் பாயும் ஆடிக்காற்றில் வளர்ந்த பிள்ளைக்கு, நிலம் இங்கே இரண்டாகப் பிளந்து விலகியிருக்கும் என்று தோன்றியதில் வியப்பில்லை. ஆயினும் அது பிழையே. நீலகிரியும் ஆனைமலையும் ஒரே இந்தியத் தட்டின் மேல்தான் நிற்கின்றன. கணவாயின் அடியில் அழுத்தத்தால் நசுங்கி உருமாறிய பாறைப்பட்டை ஒன்று ஓடுவது உண்மை. ஆனால் அது 50 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய தழும்பு. இந்தியத் தட்டின் இன்றைய எல்லையைக் காண வேண்டுமானால் வடக்கே இமயமலைக்கோ, கிழக்கே அந்தமான், சுமத்ரா ஓரத்து ஆழ்கடல் அகழிக்கோ, மேற்கே அரபிக்கடலுக்கு அடியிலுள்ள கார்ல்ஸ்பர்க் முகட்டுக்கோ போக வேண்டும்.

இத்தகைய பிழைகளில் பாதிக்கு நாம் வழங்கும் சொற்களே காரணம் என்பது என் எண்ணம். "கண்டத்தட்டு" என்று சொல்லிப் பழகியதால், கண்டம் முடியும் கடற்கரையில் தட்டும் முடிந்துவிடுகிறது என்று பலர் கொள்கிறார்கள். இந்தியத் தட்டிலோ அரபிக்கடலின் தரையில் ஒரு பகுதியும் வங்காள விரிகுடாவின் பெரும்பகுதியும் அடங்கும். பசிபிக் தட்டு ஏறக்குறைய முழுவதும் கடல்தரையே. மேலோடும் தட்டும் ஒன்று என்பதும் தவறு. மேலோடு கடலுக்கு அடியில் சுமார் 7 கிலோமீட்டரும் கண்டங்களில் சராசரியாக 35 முதல் 40 கிலோமீட்டரும் தடித்தது. தட்டு என்பது அந்த மேலோடும் அதற்குக் கீழே ஒட்டியிருக்கும் பாறை அடுக்கான கவசத்தின் இறுகிய மேற்பகுதியும் சேர்ந்த, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கனமுள்ள பாளம்.

எல்லாவற்றிலும் வேரோடிப் போனது "குழம்பு" என்ற சொல் தந்த பிழை. தட்டுகள் பாறைக்குழம்பின் மேல் மிதக்கின்றன என்று எழுதாத விடைத்தாளை நான் பார்த்ததே அரிது. அடுப்பில் கொதிக்கும் புளிக்குழம்பையே பிள்ளைகள் மனத்தில் வைத்திருக்கிறார்கள் போலும். கவசம் திண்மமான பாறை. நிலநடுக்கத்தில் எழும் எஸ் அலைகள் திரவத்தின் ஊடே செல்லாதவை; அவை கவசத்தைக் கடந்து சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கி, பூமியின் மையப் பகுதியான கருவத்தின் வெளி அடுக்கு, அதாவது வெளிக்கருவம், தொடங்கும் விளிம்பில் நின்றுவிடுகின்றன. அங்கேதான் உண்மையான திரவம், அதுவும் உருகிய இரும்பு, தொடங்குகிறது. அதற்கும் உள்ளே மீண்டும் திண்மமான உட்கருவம் உண்டு என்பதை டென்மார்க் நாட்டு நிலநடுக்க ஆய்வாளர் இங்கே லேமான் (Inge Lehmann) 1936இல் காட்டினார். எரிமலைக் குழம்பு கருவத்திலிருந்து பொங்கி வருவதும் அன்று. அழுத்தம் குறையும்போதோ நீர் கலக்கும்போதோ கவசத்தின் மேற்பகுதியில் சிறு பங்கு மட்டும் உருகி மேலே வருகிறது.

திண்மமான பாறை எப்படி நகரும் என்ற கேள்விக்கு விடை எங்கள் ஊர்க் கல்லிலேயே இருக்கிறது. வேலிக்கு நட்ட கல் ஒன்றை வகுப்புக்கு வெளியே காட்டுவேன்: வெளுப்பும் கறுப்புமாக மாறிமாறி ஓடும் வரிகள், ஓரிடத்தில் மடித்த வேட்டிக்கரைபோல் வளைந்து திரும்புகின்றன, ஆனால் விரலால் தடவினால் எங்கும் விரிசல் தட்டுப்படாது. பூமியின் ஆழத்தில், வெப்பமும் அழுத்தமும் மிகுந்த நிலையில், உருகாமலேயே அந்தக் கல் மெல்ல மெல்ல வளைந்திருக்கிறது. கவசமும் இவ்வாறே, கோடிக்கணக்கான ஆண்டுகளில், திண்மமாக இருந்தபடியே நகர்கிறது. அதன் மேலுள்ள இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்காகச் செல்கிறது.

மலை என்றாலே தட்டுகள் மோதியிருக்கும் என்ற முடிவும் பொருந்தாது. இமயத்துக்கு அது சரி. மேற்குத் தொடர்ச்சி மலையோ, நிலம் பிரிந்துபோனபின் எஞ்சி உயர்ந்து, மழையால் அரிக்கப்பட்ட கண்டத்தின் விளிம்பு.

கணவாய் தட்டெல்லை அன்று என்று திருத்தியதும், "அப்படியானால் இங்கே நிலநடுக்கமே வராதா, சார்?" என்று கேட்கிறார்கள். இது முதற்பிழையைவிடக் கேடானது. தட்டின் நடுவிலும் பழைய தழும்புகள் அழுத்தம் தாங்காமல் அசையும். 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தின் அளவு சுமார் 6 என்று மதிப்பிடப்பட்டுள்ளது. 1994 டிசம்பரில் திருச்சூர் மாவட்டத்து வடக்காஞ்சேரியில் 4.3 அளவில் ஒன்று வந்தது. இவ்விரு எண்களையும் வகுத்துப் பார்த்து, முன்னது பின்னதைப்போல் ஒன்றரை மடங்குகூட இல்லை என்று சொல்வோரும் உண்டு. அளவு ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்காகிறது. ஆகவே இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு 350 மடங்கை ஒட்டியது.