மலைக்குளிரும் ரிமோட் சாவியும்: பேட்டரி மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர், ஜனவரியில் ஊட்டி தலைகுந்தா பக்கம் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் காலை நேரத்தில்தான் பல கார்களின் ரிமோட் சாவி வேலை செய்ய மறுக்கும். வெயில் ஏறியதும் அதே சாவி ஒழுங்காகக் கதவைத் திறக்கும். "குளிருக்குத்தான் அப்படி" என்று சொல்லி அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பெரிய தவறு இதுதான்.

சாவிக்குள் இருப்பது 3 வோல்ட் லித்தியம் பட்டன் பேட்டரி. குளிரில் அதனுள் வேதிவினை மந்தமாகி, உள் மின்தடை கூடும். பொத்தானை அழுத்தியதும் சிக்னல் அனுப்ப ஒரு நொடி கூடுதல் மின்சாரம் தேவை. தேய்ந்த பேட்டரியால் அதைத் தர முடியாது, வோல்ட் சரிந்துவிடும். புதிய பேட்டரியை நீலகிரிக் குளிர் ஒன்றும் செய்துவிடாது. ஆகவே காலையில் மட்டும் தகராறு செய்யும் சாவிக்குப் புது பேட்டரி வாங்கும் நேரம் வந்துவிட்டது. மதியம் மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்து "3 வோல்ட் காட்டுகிறதே" என்று ஏமாற வேண்டாம். இந்த வகை பேட்டரி ஆயுளின் பெரும்பகுதி 3 வோல்ட்டை ஒட்டியே நின்று, கடைசியில்தான் சரியும்.

அவசரத்துக்குச் சாவியை உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றினால் அந்த வேளைக்குச் சமாளிக்கலாம். அடுப்பருகிலோ ரூம் ஹீட்டர் மேலோ வைக்கவே கூடாது. லித்தியம் பேட்டரி சூட்டில் வெடிக்கக்கூடும்.

பழி சாவிமேல் விழுந்து, குற்றம் காரின் 12 வோல்ட் பேட்டரியில் இருப்பதும் உண்டு. குளிர் அதையும் தளர்த்தும். இரண்டாவது சாவியும் வேலை செய்யவில்லையா? கதவைச் சாவியால் திறந்தால் உள்விளக்கு மங்கலாக எரிகிறதா? அப்படியானால் பட்டன் பேட்டரி மாற்றிப் பயனில்லை.

கடையில் நடக்கும் தவறு பேட்டரிமேல் உள்ள எண்ணில் இருக்கிறது. சி.ஆர். 2032 என்றால் விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். 2025-இன் தடிமன் 2.5, 2016-இன் தடிமன் 1.6. மூன்றுக்கும் அகலம் ஒன்றே என்பதால் "எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லிக் கையில் இருப்பதைத் தந்துவிடுவார்கள். 2032 இருந்த இடத்தில் 2025-ஐ வைத்தால் மேசைமேல் வேலை செய்யும். கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி இறங்கும்போது தொடர்பு விட்டுவிட்டு வரும். இதைவிட மோசமானது, இரண்டு 2016-ஐ அடுக்கி 2032-க்கு ஈடு செய்வது. தடிமன் சரியாகப் பொருந்தும், ஆனால் மின்னழுத்தம் 6 வோல்ட் ஆகிச் சாவியின் சர்க்யூட்டே கருகலாம். ரீசார்ஜ் செய்யக்கூடிய எல்.ஐ.ஆர். 2032-உம் வேண்டாம், முழுதாகச் சார்ஜ் ஆனால் அது 4.2 வோல்ட் தரும். பழைய பேட்டரியைக் கையோடு கொண்டுபோய், அதே எண்ணை, உறை பிரிக்காததாக, தேதி பார்த்து வாங்குங்கள்.

திறக்கும்போது கத்தி வேண்டாம். குளிரில் பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மை கொள்கிறது, உள்ளே கொக்கிகள் உடைந்துவிடும். முதலில் உள்ளே செருகியிருக்கும் இரும்புச் சாவியை உருவினால், பல மாடல்களில் அந்த இடத்திலேயே திறப்பதற்கான பள்ளம் தெரியும். மூடுபனி சூழ்ந்த வெளியில் நின்று திறக்காமல் வீட்டுக்குள், ஈரமில்லாத மேசைமேல் திறப்பது நல்லது. தென்மேற்குப் பருவமழையில் கூடலூரிலும் நடுவட்டத்திலும் ஈரம் எதையும் விட்டுவைப்பதில்லை. சாவிக்குள் இருக்கும் உலோக இதழில் பச்சை படிந்திருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, உலரவிட்ட பிறகே புதியதை வையுங்கள். கழற்றும் முன் கூட்டல் குறி எந்தப் பக்கம் இருந்தது என்பதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டால் குழப்பமில்லை.

பேட்டரியைக் கழற்றினால் காரில் உள்ள சாவியின் பதிவு அழிந்துவிடும் என்ற பயம் பெரும்பாலும் தேவையற்றது. அதேபோல், பைக்காராவில் சாவி ஓய்ந்துவிட்டது என்று வண்டியை இழுத்துச் செல்ல ஆள் தேடவும் தேவையில்லை. சரியான சாவி இல்லாமல் வண்டி கிளம்பாதபடி தடுக்கும் இம்மொபிலைசரின் சிப், சாவிக்குள் இருந்தாலும், இந்தப் பேட்டரியை நம்பியில்லை. இரும்புச் சாவியால் கதவைத் திறந்து, ஸ்டார்ட் பொத்தானை ஒட்டிச் சாவியைப் பிடித்தபடி அழுத்தினால் பெரும்பாலான வண்டிகள் கிளம்பிவிடும். சில வண்டிகளில் அதற்குத் தனி இடம் உண்டு, கையேட்டில் இருக்கும். அலாரம் அலறினால் பதற வேண்டாம், பெரும்பாலும் வண்டி கிளம்பியதும் அடங்கும். வருடக்கணக்கில் பயன்படுத்தாத சாவித்துவாரம் மலை ஈரத்தில் இறுகிப்போயிருக்கும். அதை இப்போதே ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

கழற்றிய பேட்டரியை மேசைமேல் விட்டுவிடுவதுதான் எனக்கு மிகுந்த கவலை தரும் தவறு. குழந்தை அதை விழுங்கினால், உணவுக்குழாயில் சிக்கி 2 மணி நேரத்திலேயே கடுமையாக அரித்துவிடும். தீர்ந்துபோன பேட்டரிக்கும் அந்தச் சக்தி உண்டு. மஞ்சூர், கீழ்க்கோத்தகிரி போன்ற ஊர்களில் பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்கே நேரமாகும் என்பதால், சந்தேகம் வந்தவுடன் 108-ஐ அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, உணவும் கொடுக்கக் கூடாது. ஒரு வயது கடந்த, விழுங்க முடிகிற குழந்தையானால், வீட்டில் தேன் இருந்தால், 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 டீஸ்பூன், அதிகபட்சம் 6 முறை, போகும் வழியிலேயே கொடுக்கலாம். அதற்காகப் புறப்படத் தாமதிக்கக் கூடாது. பழைய பேட்டரியின் இரு பக்கமும் டேப் ஒட்டி, குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, மின்னணுக் கழிவு வாங்குபவரிடம் சேர்த்துவிடுங்கள்.