டெய்லர் பனியாறு: பெயர் வரலாறு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்டார்க்டிகாவின் விக்டோரியா நிலத்துப் பீடபூமியிலிருந்து ஏறத்தாழ 54 கி.மீ. இறங்கி வரும் டெய்லர் பனியாற்றைப் பற்றிப் புதிதாக எழுத வருபவர்கள் பெரும்பாலும் ஒரே குழியில் விழுகிறார்கள். எழுத்துப்பிழை, மைல் கணக்குத் தவறு போன்றவற்றை விட்டுவிடலாம். மறுமுறை படித்தாலே கண்ணில் படும்.

“டெய்லர் கண்டுபிடித்தார், தன் பெயரை வைத்தார்”

இந்த ஒரு வரியில் இரண்டு பிழைகள். எத்தனை முறை திருத்தினாலும் திரும்பத் திரும்ப முளைப்பதால் எரிச்சல் தீர்வதில்லை.

பனியாற்றை முதலில் கண்டது, ராபர்ட் ஸ்காட் தலைமையில் சென்ற 1901–04 பிரிட்டிஷ் டிஸ்கவரி பயணக்குழு. ஆனால் அதைத் தனிப் பனியாறாக அவர்கள் நினைக்கவில்லை. பீடபூமி முதல் கடல் வரை எல்லாம் ஒன்றே என்று எண்ணி, தங்கள் நிலவியலாளர் ஹார்ட்லி ஃபெரரின் பெயரால் அழைத்தார்கள். 1911இல் ஸ்காட்டின் அடுத்த பயணத்தில் மேற்குக் குழுவை நடத்திச் சென்றவர் நிலவியலாளர் கிரிஃபித் டெய்லர். மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் ஒரே ஓட்டமல்ல, நாப்ஹெட் மலைக்கு வடக்கே ஒட்டிப் பிறந்த இரட்டையர்போல விலாவோடு விலா ஒட்டி நிற்கும் இரு பனியாறுகள் என்று அந்தக் குழு கண்டறிந்தது. அதன்பின் மேல்பகுதிக்கு டெய்லரின் பெயரை வைத்தவர் ஸ்காட்.

இது வெறும் பெயர்ச் சண்டை அல்ல. 1901–04 குறிப்புகளில் “ஃபெரர்” என்று இருப்பதை அப்படியே இன்றைய வரைபடத்தில் குறித்தால், மேல்பகுதியில் எடுத்த உயரமும் பாறை மாதிரியும் வேறொரு பனியாற்றின் கணக்கில் போய்ச் சேரும். முதலில் குறிப்பின் ஆண்டைப் பாருங்கள். அடுத்து நாப்ஹெட்டைத் தேடுங்கள். அதற்கு மேலே, பீடபூமிப் பக்கம் என்றால் இன்றைய டெய்லர். இரண்டுக்கும் இடையே நிற்கும் குக்ரி குன்றுகளுக்குத் தெற்கே, நியூ ஹார்பர் விரிகுடா நோக்கி இறங்கினால் ஃபெரர்.

கடலில் முடிகிறது என்பது

இல்லை. குக்ரி குன்றுகளுக்கு வடக்கே, டெய்லர் பள்ளத்தாக்கில், பானி ஏரியின் மேற்கு முனையிலேயே நின்றுவிடுகிறது.

குருதி அருவிக்குப் பாசியைக் காரணம் சொல்வது

டெய்லர் பனியாற்றின் முனையில் சிவப்பாக வழியும் நீரே குருதி அருவி. அந்தச் சிவப்புக்குப் பாசிதான் காரணம் என்று 1911இல் கருதினார்கள். உண்மையில், பனிக்கு அடியிலிருந்து கசியும் உவர்நீரில் உள்ள இரும்பு, காற்றுப் பட்டதும் துருவாவதால் வரும் சிவப்பு அது.

பென்குயின் படம்

பேரரசப் பென்குயின்கள் குஞ்சு பொரிக்கும் டெய்லர் பனியாறு மாக் ராபர்ட்சன் நிலத்தில் இருக்கிறது. பெயர் ஒன்று, இடம் வேறு. நம்முடையது தெற்கு 77°44′, கிழக்கு 162°10′. படம் சேர்க்கும்முன் இந்த ஆயத்தொலைவைச் சரிபாருங்கள்.

“பனிப்பாறை”

கடலில் மிதப்பதையும் அப்படியே சொல்கிறோம். பனியாறு என்றே எழுதுங்கள்.