இலங்கையின் உயர்ந்த சிகரங்கள்: நடந்து ஏற எது சரி?

உயரத்தில் முதலிடம் பிதுருதலாகலைக்கு (2,524 மீட்டர்). ஆனால் அது ராணுவப் பாதுகாப்பு வலயம்; வாகனத்தில்தான் போகலாம், நடந்து ஏற முடியாது.

நடப்பவர்களுக்கு உண்மையான முதல் சிகரம் ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவிலுள்ள கிரிகல்பொத்தை, 2,388 மீட்டர். போக மட்டும் சுமார் 7 கிலோமீட்டர். ஏற்றத்தைவிடச் சேறுதான் இங்கே சோதனை: புல்வெளியின் சதுப்பில் கால் புதையும், மேலே ஈர வேர்களில் வழுக்கும். அதனால் நன்றாகப் பிடிக்கும் அடிப்பகுதியுள்ள பூட்ஸ் அவசியம். முற்பகலிலேயே பனிமூட்டம் இறங்கித் தடத்தை மறைத்துவிடும் என்பதால், வாயில் திறந்ததுமே கிளம்புங்கள். தனியாகப் போகவே வேண்டாம்.

நேரம் குறைவா? அதே பூங்காவில், பட்டிப்பொலைப் பக்கமுள்ள தொட்டுப்பொலகந்த (2,357 மீட்டர்) போதும். தடம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர்தான். பாலித்தீன் பைகளை வாயிலிலேயே வாங்கிவிடுவார்கள். உணவைத் துணியில் கட்டுங்கள் அல்லது டப்பாவில் வையுங்கள்.

சிவனொளிபாதமலை 2,243 மீட்டர்தான். ஆனால் அடிவார ஊரான நல்லதண்ணியிலிருந்து 5,000-க்கும் மேல் படிகள். முழங்கால் வலி இறங்கும்போதுதான் தெரியும், ஊன்றுகோல் எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் முதல் மே வரையான யாத்திரைக் காலத்தில் இரவிலும் விளக்கு எரியும். மற்ற மாதங்களில் தலைவிளக்கும் மழைக்கோட்டும் கட்டாயம்.