ரெண்டு ஆபீஸுக்கு ஒரே டேட்டாபேஸ்: எங்கெல்லாம் சொதப்புது

கோயம்புத்தூர்ல ஆபீஸ், திருப்பூர்ல குடோன், பில்லும் ஸ்டாக்கும் ஒரே மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் டேட்டாபேஸ் ஃபைல்லன்னு வைங்க. ஒரே பில்டிங்ல இருக்கிறவரைக்கும் அது பாட்டுக்கு ஓடும், ரெண்டாவது இடம் வந்ததும்தான் தலைவலி.

முதல்ல எல்லாரும் பண்றது, விபிஎன் (நெட் வழியா ரெண்டு இடத்தையும் இணைக்கிற பாதுகாப்பான தனி வழி) போட்டு ஷேர்டு ஃபோல்டரை அந்தப் பக்கமும் திறந்து விடுறது. ஆக்சஸ்ல சர்வர்னு ஒன்னு கிடையாது, தேடுற வேலைய உங்க பிசியேதான் பண்ணும், அதுக்கு வேண்டிய டேட்டா மொத்தமும் லைன் வழியா வந்தாகணும். லேன்ல (ஒரே பில்டிங் நெட்வொர்க்ல) ஒரு தடவை போய்ட்டு வர 1 மில்லிசெகண்ட் கூட ஆகாது, நெட் வழியா 30, 40 ஆகலாம், ஒரு ஃபார்ம் திறக்க அப்படி நூத்துக்கணக்குல போய்ட்டு வரும். ஸ்லோவைக்கூட பொறுத்துக்கலாம், ஆனா எழுதிட்டு இருக்கும்போது லைன் கட்டாச்சுன்னா ஃபைலே கரப்ட் ஆயிடலாம், ஆக்சஸ்லயே இருக்கிற காம்பாக்ட் ரிப்பேர் போட்டா சில சமயம் வரும், சில சமயம் வராது.

இதவிட மோசம் ட்ராப்பாக்ஸ், ஒன்ட்ரைவ்ல ஃபைலை போடுறது. ஃபைலுக்கு உள்ள இருக்கிற ரெக்கார்டு எதுவும் அந்த சர்வீஸுக்குத் தெரியாது, மொத்தமா ஒரு ஃபைலாத்தான் பாக்கும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல என்ட்ரி போட்டா ரெண்டு காப்பி நிக்கும், எதுல எந்த பில் இருக்குன்னு நீங்க உக்காந்து தேடணும்.

அந்தப் பக்கம் ஒருத்தர் ரெண்டு பேர்தான்னா ரிமோட் டெஸ்க்டாப் போதும். ஃபைல் இருந்த இடத்துலயே இருக்கும், ஸ்க்ரீன் மட்டும்தான் வரும். சாதா விண்டோஸ் ப்ரோல ஒரு நேரத்துக்கு ஒருத்தர்தான், அதனால அவங்களுக்குன்னு ஆபீஸ்ல தனி பிசி விடுங்க. நிறைய பேர்னா விண்டோஸ் சர்வரும் லைசென்ஸும் வேணும். ஆனா ரிமோட் டெஸ்க்டாப்போட 3389 போர்ட்டை ரவுட்டர்ல நேரா திறக்காதீங்க. போர்ட் நம்பர மாத்திட்டேன்னு சொல்றவங்கதான் அதிகம், நெட்ல தானா ஸ்கேன் பண்ணிட்டு இருக்கிற ப்ரோகிராமுக்கு அதெல்லாம் ஒரு மறைப்பே இல்ல. ரான்சம்வேர் (ஃபைலை பூட்டி வச்சு பணம் கேக்கிற வைரஸ்) உள்ள வர்ற பிரதான வழில இதும் ஒன்னு, விபிஎன் உள்ள வைங்க.

நிரந்தரமா வேணும்னா டேபிளை எல்லாம் எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸுக்கு மாத்துங்க, அதுல தேடுற வேலைய சர்வரே பண்ணும், காசு இல்ல, 2022 வெர்ஷன் வரைக்கும் ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி லிமிட் (ஆக்சஸ்ல 2 ஜிபிதான்). மாத்திட்டும் ஸ்லோன்னா பெரும்பாலும் ஆக்சஸ் ஃபார்ம் மொத்த டேபிளையும் இழுக்குதுன்னு அர்த்தம், முதல்ல பார்ட்டி பேரு கேட்டு அந்த பில்ல மட்டும் எடுக்க வைங்க.

ஆளுக்கொரு காப்பி வச்சு ராத்திரி மெர்ஜ் பண்ணிக்கலாம்னு ஒரு ஐடியா வரும். ரெண்டு பக்கமும் 1201ங்கிற பில் நம்பர் விழும். ஜிஎஸ்டி விதி 46 படி ஒரு நிதியாண்டுல இன்வாய்ஸ் நம்பர் ரிப்பீட் ஆகக்கூடாது, 16 எழுத்துக்குள்ள இருக்கணும், ஆனா தனித்தனி சீரிஸ் வச்சுக்கலாம், அதனால கிளைக்கு ஒரு முன்னெழுத்து வச்சு பில்லை சமாளிச்சிடலாம். ஸ்டாக்கை எப்படி சமாளிப்பீங்க? கடைசி 10 பீஸை ரெண்டு பக்கமும் வித்திருப்பாங்க, அத எந்த சாஃப்ட்வேரும் ராத்திரி சரி பண்ண முடியாது.

அப்புறம் ரெப்ளிகேஷன் (ஒரு பக்கம் மாறினா மறுபக்க காப்பியும் தானா மாறுறது) இருக்கேன்னு பேக்கப்பை விட்டுடாதீங்க. இங்க ஒருத்தர் தப்பா டெலிட் பண்ணா அடுத்த நிமிஷமே அங்கயும் போயிடும். தினமும் தனியா எடுங்க, மாசம் ஒருமுறை வேற பிசில ரீஸ்டோர் பண்ணிப் பாருங்க.