முதல் வீட்டுக்கு முன்பணம் சேர்க்கும்போது

வீட்டின் முழு விலையையும் வங்கிகள் பொதுவாகக் கடனாகத் தருவதில்லை என்பதால், ஒரு பகுதியை வாங்குபவரே கையிலிருந்து போட வேண்டும். பத்திரப் பதிவு, வழக்கறிஞர் கட்டணம் போன்றவை அதற்கு மேல் தனி. இதற்கென ஒரு தனிக் கணக்கைத் தொடங்கி, சம்பளம் வரும் நாளிலேயே ஒரு தொகை தானாக அதற்கு மாறும்படி செய்துவிடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்றிருந்தால் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. இரண்டு, மூன்று ஆண்டுகளில் வாங்கும் எண்ணமிருந்தால் பங்குச் சந்தையைத் தவிர்த்து, வைப்புநிதியில் போடுவதே பாதுகாப்பானது, ஏனெனில் பணம் தேவைப்படும் வேளையில் சந்தை சரிந்திருந்தால் அது மீளும்வரை காத்திருக்க அவகாசம் இராது. முன்பணத்துக்காகத் தனிநபர் கடன் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; வட்டி அதிகம் என்பதோடு, அந்தத் தவணையைக் கணக்கில் கொண்டு வங்கி வீட்டுக் கடன் தொகையையும் குறைத்துவிடக்கூடும்.