கவனக்குறைவு என்று நினைத்தது வலிப்பு

என் மகளுக்கு அப்போது 7 வயது. பேசிக்கொண்டே இருப்பாள், பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவாள். பார்வை ஒரே இடத்தில் நிலைக்கும், இமை மட்டும் துடிக்கும். பத்து நொடி கழித்து, எதுவுமே நடக்காததுபோல் தொடர்வாள். 'கவனம் எங்கே இருக்கிறது?' என்று திட்டியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

நரம்பியல் மருத்துவர் ஒரு காகிதத் துண்டைக் கொடுத்து, விடாமல் ஊதச் சொன்னார். வேகமாக மூச்சுவிட்டால் இந்த வலிப்பு வந்துவிடுமாம். இரண்டாவது நிமிடத்தில் காகிதம் ஆடுவது நின்றது; அதே நிலைத்த பார்வை. மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி.யில் நொடிக்கு 3 கூரலைகள். சில நொடிகள் மட்டும் நினைவு தப்பும் அப்சென்ஸ் வலிப்புதான்.

எத்தோசக்சிமைடு மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கி, மெதுவாகக் கூட்டினார். வால்ப்ரோயேட் என்ற மருந்துக்கும் இது கேட்கும், ஆனால் கவனத்தை அதிகம் பாதிக்கும் என்று 2010இல் வந்த ஆய்வைச் சொன்னார். கார்பமசெப்பின் என்ற இன்னொரு வலிப்பு மருந்து இந்த வகை வலிப்பை மோசமாக்கலாமாம். அதனால் எந்த வகை என்று தெரிந்துகொள்வது அவ்வளவு முக்கியம்.

முதலில் வயிற்றுவலி, விக்கல். சாப்பாட்டோடு கொடுத்ததும் அடங்கியது. வேளை தவறாமல் கொடுத்தோம்; நாமாக நிறுத்தவே கூடாது. அப்புறம், தினமும் எத்தனை முறை வலிப்பு வந்தது என்று நோட்டில் கோடு போட்டேன். ஆறாவது வாரம் பக்கம் வெறுமையாக இருந்தது. மறுபடி ஊதச் சொன்னார்கள். மூன்று நிமிடமும் காகிதம் ஆடிக்கொண்டே இருந்தது.