விறகடுப்புப் புகைக்கூண்டு: மழைக்கு முன் சுத்தம் செய்வது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்தில் களியக்காவிளை, குலசேகரம் பக்கத்து வீடுகளில் கேஸ் வந்த பிறகும் பின்புறம் ஒரு விறகடுப்பு இருக்கும். ரப்பர் விறகு தோட்டத்திலேயே கிடைக்கும்போது யார் விடுவார்கள்? அதன் புகைக்கூண்டை இடவப்பாதிக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) முன்பே, மே மாதத்தில் சுத்தம் செய்துவிடுங்கள். மழை தொடங்கினால் பாசி பிடித்த ஓட்டில் கால் வைக்க முடியாது.

முந்தின நாளே அடுப்பை அணைத்துவிடுங்கள். 24 மணி நேரமாவது ஆற வேண்டும். மாஸ்க், கண்ணாடி, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு அடுப்பு வாய்களை ஈரச்சாக்கால் அடையுங்கள். இல்லாவிட்டால் அடுக்களை முழுக்கக் கரிதான்.

கூண்டின் உள் அகலத்துக்குச் சரியான பிரஷ் வேண்டும். செங்கல் கூண்டுக்குக் கம்பி பிரஷ், தகரக் குழாய்க்கு நைலான். ஆஸ்பெஸ்டாஸ் பைப் என்றால் பிரஷே வேண்டாம்: சுரண்டினால் பறக்கும் நார் நுரையீரலுக்குக் கேடு, கடும் சூட்டில் பைப் வெடிக்கவும் செய்யும். எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) குழாய்க்கு மாறுவதே நல்லது.

மேலே மூடியைக் கழற்றி, பிரஷைக் கயிற்றில் கட்டி, கீழே ஒரு எடையும் தொங்கவிட்டு, ஏற்றி இறக்குங்கள். ஓட்டுக்கூரையில் ஏறுவதானால் பலகை போட்டு, அடியில் கழுக்கோல் (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரச்சட்டம்) இருக்கும் இடத்தில் மட்டும் மிதியுங்கள்.

வரும் கரியைப் பாருங்கள். பொடியாக இருந்தால் கவலையில்லை. தார் பூசியதுபோல் பளபளவென்று ஒட்டியிருந்தால் ஈரவிறகு எரிகிறது என்று பொருள். இந்தப் பளபளப்பான படிவுதான் கூண்டுக்குள் தீப்பிடிப்பது. பிரஷுக்கும் போகாது, விஷயம் தெரிந்த கொத்தனார் வேண்டும். படிவு 3 மில்லிமீட்டர் ஆகிவிட்டால் அதற்குமேல் அடுப்பு பற்றவைக்காதீர்கள்.

இரண்டு, மூன்று வாய் உள்ள பரிஷத் அடுப்பில் (கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் பரப்பிய, புகை குறைந்த அடுப்பு) பலரும் மறப்பது, வாய்களுக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள பாதை. மேலே எவ்வளவு தேய்த்தாலும் அந்த வளைவு அடைத்திருந்தால் புகை அடுக்களைக்குத்தான் திரும்பும். வளைந்த கரண்டியால் வழித்தெடுங்கள்.

பிறகு குழாய் கூரையைத் துளைக்கும் இடம். ஒற்றைச் சுவர் தகரக் குழாய்க்கும் மரச்சட்டத்துக்கும் 45 செ.மீ. இடைவெளி வேண்டும். அடுப்புக்கு மேலே ரப்பர் ஷீட்டும் விறகும் காயப்போடும் வழக்கம் இங்கே உண்டு. சிக்கனம்தான், ஆனால் ரப்பரில் தீப்பிடித்தால் அணைப்பது கஷ்டம். ஷீட்டை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

மூடியைப் போடும்போது பறவை கூடு கட்டாமல் வலையும் வையுங்கள். ஒரு ஊதுபத்தியை அடுப்பு வாயில் காட்டுங்கள். புகை உள்ளே இழுபட்டால் சரி.

ரப்பர் விறகைப் பச்சையாகவே பிளந்து, மழை படாமல், காற்றோட்டமாக ஆறு மாதமாவது அடுக்கி வையுங்கள். காய்ந்ததன் அறிகுறி: வெட்டுமுனையில் விரிசல், தட்டினால் 'டங்' என்ற ஓசை.

கூண்டுக்குள் 'ஹோ' என்று இரைச்சல் கேட்டால் உள்ளே தீ. தண்ணீர் ஊற்றாதீர்கள், செங்கல் வெடிக்கும். அடுப்பு வாய்களை மூடிக் காற்றைத் தடுத்து, எல்லோரையும் வெளியேற்றி, 101-ஐ அழையுங்கள்.

மூணாறு குளிரில் கணப்பு மூட்டுபவர்களுக்கும் இவையெல்லாம் பொருந்தும். கதவடைத்த அறையில் கரிச்சட்டி வைத்துத் தூங்குவது மட்டும் கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி வீட்டுக்கு வெளியே வையுங்கள். உள்ளே கங்கு ஓரிரு நாள்கூட உயிரோடிருக்கும்.